அருமைநாயகி காட்டிய இடம்

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கெல்லாம் ஓய்வு நாள், அருமைநாயகிக்கு மட்டும் தலையிடி நாள். தேவாலயத்தில் காலைப் பூசை கண்டு வந்து, முக்காட்டுத் துணியை மடித்து வைக்கிறதுக்குள்ளே வேலிப் படலையில் யாராவது நிற்பார்கள். கையில் துவாயும் சவர்க்காரமும் இருந்தால் குளிக்க வந்தவர்கள். ஒன்றும் இல்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றால் விஷயம் வேறு. அவசரம் முற்றிய ஆளை நிற்கவைத்து நியாயம் பேச முடியாது. "பின்னாலை கிடக்கு, போங்கோ. வாளியிலை தண்ணி அள்ளிக்கொண்டு போங்கோ" என்று கையைக் காட்டிவிட்டு, அவர்கள் மறைந்த பிறகு வாய்க்கு வந்தபடி ஏசுவாள். ஏச்சைக் கேட்க அவளுடைய கோழிகள்தான் இருந்தன.

அவள் வீட்டு வளவு வடமராட்சி கிழக்குக் கடற்கரையில், சவுக்கங்காடு முடிகிற இடத்தில் இருக்கிறது. கடற்கரை மணல் பறந்துவந்து வீடுகளை மூடாமல் இருக்க அரசாங்கம் எந்தக் காலத்திலோ நட்ட காடு அது. பக்கத்தில் கடல், கீழே நிழல், காற்றுக்குக் குறைவே இல்லை. சனம் வராமல் என்ன செய்யும்? வரட்டும், வந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். காட்டுக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோர் அதைப் பொழுதுபோக்கு இடமாக்கப் புறப்பட்டதோடு சனியன் பிடித்தது.

சனம் குந்தியிருக்கச் சீமெந்து வாங்குகள் வந்தன. ஒரு மண்டபம் வந்தது. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வந்தது. குப்பை போடுவதற்கு, வாயை ஆவென்று பிளந்துகொண்டு நிற்கும் பென்குவின் பறவை ஒன்று வந்தது. இந்த வெயிலில் அதை ஏன் கொண்டுவந்து நட்டார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கடைசியாக ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, உள்ளே மாபிள் பதித்து, கூரையில் நீலத் தண்ணீர்த் தாங்கி வைத்து, இரண்டு கக்கூசுகள் கட்டினார்கள். தாங்கிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் யோசிக்க மறந்துபோனார்கள். பெரிய மனிதர்கள் வந்து நாடா வெட்டிய அன்றைக்குப் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள். அது தீர்ந்ததும் கக்கூசைப் பூட்டி, சாவியைப் பட்டினத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பூட்டிய கக்கூசுக்கு மிகக் கிட்டவாக இருந்த வீடு அருமைநாயகியுடையது. கடலில் குளித்து உப்பு ஊறிய உடம்பைக் கழுவ மிகக் கிட்டவாக இருந்த கிணறும் அவளுடையதுதான்.

கிணறென்றால் பெரிய கிணறில்லை. மணலுக்குள் சீமெந்து வளையம் இறக்கின சின்னக் கொட்டுக்கிணறு. அந்தக் கரையில் மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்த் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கும். வாளியால் அளவாக அள்ளினால் வருடம் முழுக்க இனிக்கும். அவசரப்பட்டு இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலே ஏறிவிடும், ஏறினால் இலகுவில் இறங்காது. நான்கு வீடு தள்ளி இருக்கும் அற்புதராணி மிளகாய்த் தோட்டத்துக்கென்று மோட்டர் பூட்டி, ஒரே கோடையில் கிணற்றையும் தோட்டத்தையும் சேர்த்து இழந்தாள். அதனால் மகள் ஷெரோன் மோட்டர் வாங்கித் தருகிறேன் என்று எத்தனை தரம் கேட்டும், கப்பியும் கயிறும் போதும் என்று அருமைநாயகி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். இடுப்பு நோக, நாரிப்பிடிப்போடு கயிறு இழுத்தாள். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டுக் குடிக்கும்போது இந்த ஊரில் தன்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வருகிறவர்கள் அளவாக அள்ளுவார்களா? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதுதானே உலக வழக்கம். அரியாலையிலிருந்து வந்த ஒரு பொடியன் கூட்டம் தலைக்கு மேல் வாளி வாளியாகக் கவிழ்த்துச் சிரித்து விளையாடியது. ஷாம்பூப் பைக்கற்றுகள் கொடிக்கயிற்றடி வரைக்கும் கிடந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவன் கிணற்றைப் படமெடுத்து, இங்கே ஒரு அம்மா இருக்கிறா, தங்கமான மனுசி, தண்ணீர் தேன் மாதிரி என்று உலகத்துக்கெல்லாம் அறிவித்துவிட்டான். அதற்குப் பிறகு வான்கள் வழி கேட்காமலே வந்தன. கைத்தொலைபேசி வரைபடத்தில் அவள் வளவுக்கு நேரே 'நன்னீர்க் கிணறு' என்று புள்ளி குத்தியிருக்கிறதாம்.

படலையைப் பூட்டிவிடலாமே என்று அற்புதராணி கேட்டாள். சொல்வது சுலபம். அருமைநாயகியின் புருஷன் சந்தியோகு கடலுக்குப் போகிற மனிதன், அதிர்ந்து பேசத் தெரியாதவர். வன்னியில் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் அவரும் அவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனையோ படலைகளில் தண்ணீர் கேட்டு நின்றவர்கள். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. அதை அவர் வாயால் ஞாபகப்படுத்த மாட்டார். யாராவது வந்தால் எழும்பிப் போய் வாளியை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தனக்கும் இல்லையென்று சொல்ல வாய் வராதே என்பது அதைவிடப் பெரிய எரிச்சல்.

இந்த நிலையில் கந்தோர்க்காரர் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பொழுதுபோக்கு இடத்தை இன்னும் பெருப்பிக்கப் போகிறார்களாம். கடலைப் பார்க்க ஒரு கோபுரம், நின்று படமெடுக்க ஒரு பெரிய இதய வடிவம். பொறுப்பாக வந்திருந்த கீர்த்திகன் இளம் பொடியன், நல்ல பிள்ளைதான், திரையில் படம் காட்டிக் காட்டி விளக்கினான். அருமைநாயகி எழும்பினாள். வாழ்நாளில் அவள் கூட்டத்தில் எழும்பினது அதுதான் முதல் தரம்.

"தம்பி, கோபுரத்திலை ஏறி நிண்டு சனம் எங்கை ஒண்டுக்கிருக்கிறது? முதல் அந்தக் கக்கூசுக்குத் தண்ணியைத் தாங்கோ. அதுக்குப் பிறகு என்னத்தையெண்டாலும் கட்டுங்கோ."

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. சுவாமியார்கூடச் சிரித்தார். கீர்த்திகன் முகம் சிவந்து, கட்டாயம் செய்து தருவதாகச் சொன்னான். அந்தக் கிழமை முழுக்க அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். சந்தியோகு சாப்பிடும்போது அந்தக் கதையை அவருக்கு மறுபடி மறுபடி சொன்னாள். அவர் ஓம் ஓம் என்று கேட்டார்.

அதிசயமாகச் சொன்ன சொல் தவறவில்லை. சித்திரை வெயிலில் குழாய்க்கிணறு அடிக்கிற மெசினோடு லொறி வந்து நின்றது. தண்ணீர் வரும் என்றால் பவுசரில் வரும், அல்லது பெருங்குழாயில் எங்கிருந்தோ வரும் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். நிலத்தைத் துளைப்பார்கள் என்று எண்ணவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை. கக்கூசுக்குத் தண்ணீர் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை இனித் தன்னுடையது என்ற சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறைந்துபோயிற்று.

கக்கூசுக்குப் பின்னால் அடித்தார்கள், உவர். மண்டபத்துக்கு அருகே அடித்தார்கள், அங்கும் உவர். மெசின்காரர் மூஞ்சியைத் தொங்கப்போட்டார்கள். வேறு ஊரிலும் வேலை கிடக்கிறது, இனி அடுத்த வருடம்தான் வரமுடியும் என்று கயிறு சுற்றத் தொடங்கினார்கள். கீர்த்திகன் வியர்வை வழிய நின்றான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அருமைநாயகிக்கு வயிறு எரிந்தது. இன்னும் ஒரு வருடமா? இன்னும் ஒரு வருடம் துவாயும் சவர்க்காரமும் ஷாம்பூவுமா?

தேத்தண்ணீர்ப் போத்தலையும் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு வேலியைக் கடந்து போனாள். அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். பிறகு அவளுடைய வேலியோரம், மணல்மேட்டின் கீழே, ஆவணிக் கோடையிலும் புல் காயாத பள்ளத்தைக் காட்டினாள்.

"உதிலை இறக்குங்கோ தம்பி. உதிலை வராட்டில் வேறை எங்கையும் வராது."

இறக்கினார்கள். வந்தது. குழாயால் பாய்ந்த தண்ணீரை அவள்தான் முதலில் கையில் ஏந்திக் குடித்தாள். தேன். கீர்த்திகன் கும்பிடாத குறையாக நன்றி சொன்னான். அம்மா இல்லாவிட்டால் இந்த வேலை நடந்திருக்காது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

பின்னேரம் சந்தியோகு கரையிலிருந்து வந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது முழுவதையும் சொன்னாள். அவர் கை நின்றது.

"எங்கடை கிணத்திலையிருந்து எத்தினை பாகம் வரும்?" என்று கேட்டார்.

கடலில் ஆழம் கேட்கிற மாதிரிக் கேட்டார். தான் என்ன அளந்து பார்த்தவளோ என்று எரிந்து விழுந்தாள். விழுந்த கையோடு கிணற்றடியிலிருந்து வேலியோரக் குழாய் வரைக்கும் ஒரு தரம் கண்ணால் அளந்தாள். அடுப்படிக்குப் போய், ஒரு வேலையும் இல்லாமல் பானைகளை எடுத்து எடுத்து வைத்தாள்.

முதல் சில கிழமை சொர்க்கம். படலையில் ஒருவரும் இல்லை. கக்கூஸ் திறந்தாயிற்று, அதற்குப் பக்கத்தில் கடலில் குளித்து வருகிறவர்களுக்கென்று தலைக்கு மேல் தண்ணீர் கொட்டும் குழாய்களும் பொருத்தியாயிற்று. ஆனால் மோட்டர் சத்தம் காலையில் தொடங்கினால் பொழுதுபட்ட பிறகும் கேட்டது. தாங்கி நிரம்பி வழிந்து மணலில் ஓடியது. நிற்பாட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. பூட்டாமல் விட்ட குழாய்களை அருமைநாயகியே போய்ப் பூட்டிவிட்டு வந்தாள். திரும்பிப் பார்த்தால் மறுபடி திறந்திருக்கும். தன் வீட்டுக் கிணற்றடியில் என்றால் கத்தலாம், அரசாங்கக் குழாயடியில் நின்று எந்த வாயால் கத்துவது?

ஆடி பிறந்ததும் தேத்தண்ணீர் ருசி மாறியது. தேயிலை சரியில்லை என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனாள். வேறு தேயிலை வாங்கினாள். சவர்க்காரம் நுரைக்கவில்லை, அதையும் மாற்றினாள். சோறு ஒருமாதிரி இருக்கிறது என்று அரிசியைக் குற்றம் சொன்னாள். கடைசியில் ஒருநாள் வாளியிலிருந்து ஒரு மிடறு குடித்து, அதை விழுங்க முடியாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று ஊரில் சும்மா சொல்லும் பழமொழி. இங்கே பூதத்துக்கு இடம் காட்டியவளே அவள்தான்.

பட்டினத்துக்குப் பஸ் ஏறிக் கந்தோருக்குப் போனாள். போகும்போது மனத்துக்குள் ஏச்சுகளை அடுக்கிக்கொண்டு போனாள். கீர்த்திகன் கதிரை போட்டு இருத்தினான். முழுவதையும் கேட்டான். உண்மையாகவே கவலைப்பட்டான், அதுதான் பெரிய கரைச்சல். மேலதிகாரிக்கு எழுதுவதாகச் சொன்னான், மோட்டரைக் குறைத்துப் போடச் சொல்வதாகச் சொன்னான். பிறகு ஒரு வஞ்சகமும் இல்லாமல், விளங்காமல் கேட்டான்.

"ஆனால் அம்மா, அந்த இடத்தைக் காட்டினது நீங்கள்தானே?"

அடுக்கி வைத்திருந்த ஏச்சில் இதற்கு ஒன்றும் இல்லை. யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்ட கதையை யாரிடம் போய் முறையிடுவது? "ஓம் தம்பி" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டாள். வருகிற பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

கந்தோர்க்காரர் மோட்டரைக் குறைத்துப் போடுவதற்குள் குழாயிலும் உவர் வந்துவிட்டது. மாரி மழை நன்றாகவே பெய்தது. தினமும் விடிந்ததும் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டுக் குறைந்ததுபோல இருக்கும், மறுநாள் அதுவும் இல்லை. இப்போது செவ்வாய்க்கிழமைகளில் பவுசர் வந்து படலைக்குள் வைத்த பிளாஸ்டிக் பரலைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுப் போகிறது. குடிக்க, சமைக்க எல்லாம் அதுதான். கிழமை முடிவதற்குள் அடி தெரியும். சந்தியோகு இன்றைக்கு வரைக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு நாளைக்காவது நன்றாக ஏசித் தொலைத்திருந்தால் அவளுக்கு மனம் ஆறியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீர்வேலியிலிருந்து ஒரு வான் வந்தது. காட்டுக்குள் கூழ் காய்ச்சிக் குடித்து, கடலில் குளித்து, பாட்டுப் போட்டு ஆடினார்கள். மத்தியானம் ஒரு இளம் தாய், உடம்பெல்லாம் மணலாயிருந்த சின்னப் பெட்டைப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு படலைக்கு வந்தாள். அருமைநாயகி கிணற்றடியில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பைப்பிலை வாற தண்ணி வாயிலை வைக்கேலாமல் கிடக்கு. பிள்ளைக்குத் தண்ணி விடாய். இஞ்சை கிட்டடியிலை நல்ல தண்ணிக் கிணறு ஒண்டு இருக்கெண்டு சொல்லிச்சினம். எந்த வீடெண்டு ஒருக்காக் காட்டுவியளோ?"

அருமைநாயகி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இந்த வீடுதான் பிள்ளை" என்றாள். "கிணறு உவராய்ப் போட்டுது."

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை, கிணற்றையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்கப்படுத்த அருமைநாயகிக்குப் பொறுமை இல்லை. பரலின் மூடியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்க்கு இன்னும் நாள் கிடந்தது. குனிந்து அடியில் கிடந்ததில் ஒரு செம்பு அள்ளி, சிந்தாமல் பிடித்துக் குடிக்கச் சொல்லிப் பெட்டையின் கையில் கொடுத்தாள்.

பிள்ளை மடக்கு மடக்கென்று அரைச் செம்பு குடித்தது. பிறகு குனிந்து, மிச்சத்தை மணல் படிந்த காலில் ஊற்றி வடிவாகக் கழுவிவிட்டு, சிரித்துக்கொண்டு செம்பை நீட்டியது.

அருமைநாயகி ஏசுவதற்கு வாயைத் திறந்தாள். ஏச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.