ஐந்தாவது வரிசையில் ஒரு சிரிப்பு

“இது என்னம்மா, பிளானா?” என்று மாமா கேட்டார்.

நாடக அரங்கின் அலுவலக அறையில், என் மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்த இருக்கை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் பார்த்த புது நாடகத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி, உறையில் போட்டு, இயக்குநரிடம் கொடுக்க வந்திருந்தார்.

“ஆமா மாமா. முதல் காட்சிக்கு யார் எங்க உக்காரணும்னு.”

“அஞ்சாவது வரிசை, பன்னெண்டாம் நம்பர். என் சீட்டு. அதுக்கு மட்டும் ஏன் சிவப்பு வட்டம்?”

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே போய்ப் படித்தார்.

“சிரிப்புன்னு எழுதியிருக்கு.”

“ஆமா.”

“அப்போ அழுகைக்கும் ஒரு ஆள் இருக்கணுமே. எங்க, காட்டு.”

வழக்கமான கிண்டல்தான். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“என்னைக் கூப்பிடறதே இதுக்குத்தானா?”

“நீங்க சிரிச்சா அரங்கமே சிரிக்குதுன்னு டைரக்டர் சொல்வார் மாமா.”

“அப்போ என் லெட்டரெல்லாம்?”

கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினேன். பதினேழு உறைகள். நான் பிரித்துப் படித்தவை ஐந்தாறு. மற்றவை ஒட்டியது ஒட்டியபடி இருந்தன.

“உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?”

“வேலைக்குச் சேர்ந்ததிலேருந்து. ரெண்டு வருஷமா.”

கையிலிருந்த உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மாமா என் அம்மாவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுவதும் ஏதாவது ஒரு கட்டடத்தின் வயிற்றுக்குள் நின்று கம்பியையும் சக்கரத்தையும் பார்ப்பவர். மாலையில் நாடகம், ஞாயிறு மதியம் சினிமா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், “பக்கத்து சீட்டுக்கு ஆள் தேட நேரமில்ல” என்பார்.

அவருடைய சிரிப்பு முதலில் ஒரு விக்கல்போல வரும். பிறகு இரண்டு நொடி சத்தமே இருக்காது. அதற்குப் பிறகு தோள் குலுங்க வெடிக்கும். அந்த இரண்டு நொடிக்குள் முன்வரிசையும் பின்வரிசையும் சிரிக்கத் தயாராகிவிடும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், காசு கொடுத்து வந்த ஒரு நாடகத்தின் இடைவேளையில், இயக்குநரே தேநீரோடு வந்து, “எப்படி இருக்கு சார்?” என்று கேட்டிருக்கிறார். மாமா கால்மணி நேரம் பேசியிருக்கிறார். அடுத்த நாடகத்துக்கு வீடு தேடி இலவசச் சீட்டு வந்தது. தன் அபிப்பிராயத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு முதல் காட்சிக்கும் அரைநாள் விடுப்பு, நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் போகத் தேய்த்துக் குளியல், மறுநாள் கடிதம்.

நான் படித்த கடிதங்கள் லேசானவை அல்ல. அக்கா தங்கை சண்டை போடும் நாடகத்தைப் பற்றி, “இரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு வாங்குகிறார்கள். நிஜச் சண்டையில் ஒருத்தி மூச்சை அடக்கிக்கொள்வாள். அவள்தான் ஜெயிப்பாள்” என்று எழுதியிருந்தார். அதற்கு முந்தின மாதம் பார்த்த ஆஸ்பத்திரிப் படத்தைப் பற்றியும் அதே கடிதத்தில் நாலு வரி: “லிஃப்ட் சத்தம் சுத்தப் பொய். ஆனால் பிள்ளையைப் பார்க்க வந்த அந்த அம்மா, எரிகிற பட்டனையே மறுபடி மறுபடி அமுக்குகிறாளே, அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. உங்கள் ஆட்களுக்கு அதைக் காட்டுங்கள்.” யாருக்கும் யாரும் காட்டவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை? அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. இரண்டு மொழியில் நாடகக் குறிப்பு எழுதத் தெரிந்த எனக்கு, ஒரு மொழியில்கூட இதைச் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மாதம் மாமா என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் மட்டும், “நாடகம் நல்லாத்தான் இருந்துச்சுக்கா. அதுதான் எரியுது” என்றாராம். அடுத்த நாடகத்துக்கு அனுப்பிய இலவசச் சீட்டு திரும்பி வந்தது. இயக்குநர் என்னிடம், “உங்க மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? முதல் காட்சி ஆச்சே” என்று பதறினார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

முதல் காட்சியன்று மதியம் மாமாவே போனில் கூப்பிட்டார். காசு கொடுத்து இரண்டு சீட்டு வாங்கியிருந்தார், பால்கனி, கடைசி வரிசை. சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடியிருந்த மேடைத் திரையை நேராகப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஒண்ணு கேக்கறேன், செய்வியா? ஒம்பது வருஷமா எது எனக்கா வந்த சிரிப்பு, எது அவங்களுக்காகச் சிரிச்சதுன்னு எனக்கே பிடிபடல. இன்னிக்கு நீ மேடையைப் பாக்காதே. என் மூஞ்சியையே பாரு. நான் சிரிச்சா, நிஜமாத்தான் சிரிச்சேனான்னு முடிஞ்சதும் சொல்லணும். இந்தத் தடவை மறைக்காம சொல்லு.”