வண்டி அங்கே, பூசை இங்கே

இந்த ஜெர்மன் ஊரில் பழைய பொம்மையைக் கொடுக்கவும் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். டெர்மின் என்பார்கள். பத்தரை மணி டெர்மினுக்குப் பத்து இருபதுக்கே போய் வாசலில் நின்றேன். கையில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் சாவி கொடுத்தால் ஓடும் தகர எஞ்சின் ஒன்று, ரயில் பெட்டிகள் பதினொன்று. பெரிய வீட்டைக் காலி செய்து ஓரறை வீட்டுக்கு மாறுகிறேன். பிள்ளைகளுக்கு வேண்டாமாம். பொம்மை ரயில் சங்கத்துக்காவது பயன்படட்டும் என்று கொண்டுபோனேன்.

சங்கத்துக்காரர் வெர்னர் கையுறை போட்டுக்கொண்டு அளந்தார். எந்தப் பெட்டியும் இன்னொன்றோடு அளவில் சேரவில்லை. அப்பா லாரி ஓட்டியவர். லோடு இறக்கும் ஊர்க் கடைத்தெருவில் கிடைத்ததைச் சிறுவயதில் எனக்கு வாங்கி வருவார். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு அன்று ரயிலே கிடையாது. அளவு சரியில்லை என்று சொல்ல ஆளில்லை.

எஞ்சின் முகப்பில் பூதக்கண்ணாடியை வைத்த வெர்னர், "துரு. சுத்தம் செய்துவிடலாம்" என்றார்.

"துரு இல்லை, குங்குமம். பூசை போட்டது."

"ஓட்டுநருக்கா?"

"இல்லை, வண்டிக்கு."

குறிப்பேட்டில் துரு என்றே எழுதிக்கொண்டார்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்ட காலம். ஒருமுறை ஆயுத பூசை நெருங்கும்போது மரங்களை வெட்டிப் போட்டுச் சாலையை மறித்துவிட்டார்கள். அப்பா லாரியை உளுந்தூர்பேட்டையில் விட்டுவிட்டு நடந்தே வீடு வந்தார். வண்டியைக் கொளுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பூசையன்று என் எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சக்கரத்தின் முன் எலுமிச்சம்பழத்தையும் வைத்தார்.

"இன்னாங்க இது, பொம்மைக்குப் போயி?" என்றார் அம்மா.

"வண்டி அங்க நிக்குது, நா இன்னா பண்றது? இதுவும் வண்டிதான?"

சாவி கொடுத்தார். எஞ்சின் பழத்தில் முட்டிக் கவிழ்ந்தது. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பழத்தைத் தானே குதிகாலால் நசுக்கினார்.

சாலை திறந்ததும் லாரி ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. "இங்க போட்ட பூச அங்க போயி சேந்துக்கீது பாரு. அந்தப் பொட்ட மட்டும் தொடச்சிடாத" என்றார் அப்பா.

வெர்னரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு டிராம் நிறுத்தம்வரை வந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. அப்பா போய்ப் பல வருடமாயிற்று. அவர் விரல் பட்டதில் மிச்சம் அந்தப் பொட்டுதான். திரும்பி ஓடினேன். டெர்மின் இருக்கிறதா என்று கேட்டார் வெர்னர். இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு எஞ்சினைக் கொடுத்தார்.

பெட்டிகள் பதினொன்றும் சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன, இழுக்க ஆளில்லாமல். எஞ்சின் என் ஜன்னலோரம் நிற்கிறது. இந்த ஆயுத பூசைக்கு எஞ்சினுக்கு மட்டும் பொட்டு வைத்தேன். பெட்டிகளுக்கும் போய்ச் சேரும், அப்பா சொல்லியிருக்கிறார்.