ஒரு கிழ நாய்க்கு இடம்

அவளை நான் முதலில் பார்த்தது மந்தைவெளி மார்க்கெட் ஓரம் நடந்த ஒரு தெரு நாடகத்தில். குடியால் அழியும் குடும்பத்தைப் பற்றிய நாடகம். அவள்தான் குடிகாரப் புருஷன். லுங்கியை மடித்துக் கட்டி, கண்மையால் மீசை வரைந்திருந்தாள். மனைவியாக நடித்தவளை அடிக்கக் கை ஓங்கிய நேரத்தில் செவலை நிறத்தில் ஒரு நாய் கூட்டத்துக்குள் நொண்டிக்கொண்டே வந்து அவள் காலடியில் படுத்துவிட்டது. அவள் ஓங்கிய கையை இறக்காமல் குனிந்து கேட்டாள்.

"இன்னா நைனா, உனுக்கும் ஒரு கட்டிங் வோணுமா?"

காய்கறிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அது அவள் வளர்த்த நாய் என்பது எனக்கு அப்போது தெரியாது. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்த காலம். நாடகம் முடிந்ததும் போய்ப் பேசினேன். அடுத்த ஞாயிறு முதல் அந்தக் குழுவுக்கு நாடகம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன்.

பகலில் அவள் மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினாள். புருஷன் எப்போதோ போய்விட்டான். பிள்ளை இல்லை. பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பில், சுவர் உப்புக் காற்றில் உதிர்ந்துகொண்டிருந்த ஓர் அறை. அங்கே யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவர் பெயரையும் தொழிலையும் அவர் செய்த சேட்டைகளையும் சேர்த்துக் கானா கட்டிப் பாடுவாள். அழுதுகொண்டிருப்பவர்கள், நடுவில் ஒரு நிமிடம் சிரித்துவிட்டு மறுபடி அழுவார்கள்.

நாய்கள் மொத்தம் ஒன்பது. மண்டபத்தில் மிஞ்சிய சோற்றோடு கறிக்கடையில் வாங்கிய கழிவைச் சேர்த்து வேகவைத்து, காலையில் வேலைக்குப் போகுமுன் போடுவாள். புழு வைத்த புண் என்றால் கற்பூரத்தைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அப்புவாள். புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும்போதும் அந்த நாயோடு பேசிக்கொண்டே இருப்பாள். என்னால் அதைப் பார்க்க முடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பிறகு குடியிருப்பை இடிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. எல்லோருக்கும் செம்மஞ்சேரிக்கு அப்பால் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். அவளுக்கு எட்டாவது மாடி. சாமான் ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒத்திகை முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவள் நாங்கள் ஒத்திகை பார்க்கும் பூங்காவிலேயே தயங்கி நின்றாள்.

"யக்கா, ஒண்ணு கேப்பேன், கோச்சுக்காத. மத்ததெல்லாம் எப்டியோ பொயச்சிக்கும். அந்தச் செவல மட்டும் கெயவி. காலும் நொண்டி. ஒரு ஓரமா படுத்துக்கினு கெடக்கும். உங்க வூட்ல வெச்சிக்கிறியா?"

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

அன்று மாலை கணவரிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாயெல்லாம் நம்மாத்துல சரிப்படாது. யார் பாத்துண்டு இருப்பா?" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையில் அவர் மறுத்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் அவளிடம், "எங்க ஃபிளாட்ல நாய் வளர்க்கக் கூடாதுன்னு சங்கத்துல விதி இருக்கு" என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. எங்கள் மூன்றாவது மாடியிலேயே ஒரு குடும்பம் கன்றுக்குட்டி அளவு நாய் வளர்த்தது. அதைத் தெருவில் நடத்திப் போகும்போது அவளே கொஞ்சியிருக்கிறாள். பொய்யைச் சொல்லி முடித்த பிறகுதான் இதெல்லாம் எனக்கு உறைத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"சரிக்கா, பரவால்ல" என்றாள்.

அவள் சாமானோடு போன டெம்போவின் பின்னால் நாய்கள் ஓடின. கொஞ்ச தூரத்தில் மற்றவை நின்றுவிட்டன, செவலை மட்டும் நொண்டியபடி நெடுந்தூரம் போனது என்று எங்கள் குழுவில் டோலக் வாசிப்பவர் சொன்னார்.

இடிக்கும் இடத்தைத் தகரம் வைத்து அடைத்ததும், திரும்பி வந்த செவலையோடு நாய்கள் பக்கத்திலிருந்த எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தன. அவள் தினமும் இரண்டு பஸ் மாறி, ஒரு தூக்கு நிறைய சோற்றோடு வருவாள். எங்கள் ஃபிளாட் வாசலில் போடுவதில்லை. தெருக்கோடியில், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில்தான் போடுவாள். அப்படியும் எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் புகார்கள் வந்தன. ஒரு நாள் யாரோ, "இதற்கு நாமே ஒரு முடிவு கட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். பலர் கட்டை விரலைப் போட்டிருந்தார்கள். நானும் படித்தேன். பதில் எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஐந்து நாய்கள் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. செவலையும் கிடந்தது. செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

அவள் வந்து பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டு நான் பால்கனியில் நின்றேன். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் செவலையின் காதில் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டாள். நான் கீழே இறங்கிப் போகவில்லை.

அன்று மாலை அடையாறில் நாடகம். வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். மீசை வரைந்துகொண்டாள். அவள் முறை வந்ததும் வட்டத்துக்குள் போய் நின்று வாயைத் திறந்தாள். ஒரு சொல்கூட வரவில்லை. மறுபடி திறந்தாள். கூட்டம் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டியது. கைதட்டல் அடங்கும்வரை நின்றிருந்துவிட்டு, மீசையோடேயே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துபோனாள். அதற்குப் பிறகு அவள் குழுவுக்கு வரவே இல்லை. மண்டபத்து வேலையையும் விட்டுவிட்டாள்.

ஒரு முறை செம்மஞ்சேரிப் பக்கம் போய் அவளைப் பார்த்தேன். கதவைத் திறந்து, பாய் விரித்து, டீ போட்டுக் கொடுத்தாள். இடது காலில் துணி சுற்றியிருந்தது. சர்க்கரைப் புண்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போவணும்."

"நான் கூட்டிட்டுப் போறேன், வா."

"வோணாக்கா. நீ போ, மய வர மாதிரி கீது."

எழுந்து நின்றேன். நான் சொன்ன பொய்யைப் பற்றிப் பேசத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மழைக்காலத்திலேயே புண் புரையோடி, அரசு மருத்துவமனையில் காலை எடுத்தார்கள். நான்கே நாளில் இறந்துவிட்டாள். டோலக் வாசிப்பவர் எனக்குச் சொன்னபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

போனேன். கதவு பூட்டியிருந்தது. அவளோடு இடம் மாறியவர்களை வெவ்வேறு பிளாக்குகளில் போட்டிருந்ததால் அந்த மாடியில் அவளுக்குப் பழக்கமானவர்கள் யாருமில்லை. எதிர்வீட்டுப் பெண்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தவள். சாவு எடுத்தபோது யாராவது பாடினார்களா என்று அவளிடம் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

"பாட்டா? இல்லியே. ஆஸ்பத்திரிக்கே வண்டி வந்துச்சாம், அப்டியே சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டாங்களாம். ஏன், அவங்க பாடுவாங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க அவங்களுக்கு இன்னா ஆவணும்?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.