ஓசி வயல்

மங்களம் தாகத்தை அடக்கப் பழகியது வயசுக்கு வந்த வருஷம். குடியாத்தம் பக்கத்தில் அவள் பிறந்த தெருவில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு பெண்கள் கூட்டமாக ரோட்டோரம் போவார்கள். பஸ் வெளிச்சம் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். பஸ் போனதும் மறுபடி உட்கார வேண்டும். பஸ்ஸுக்குள் இருந்து எவனாவது விசில் அடிப்பான். அந்த எழுந்து நிற்கிற அசிங்கத்துக்குப் பயந்தே மத்தியானத்துக்கு மேல் அவள் வாயில் தண்ணீர் படாது.

கல்யாணமாகிப் பெங்களூருக்கு வந்தாள். ஜோகுபாளையத்து ஒண்டுக்குடித்தனத்தில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போனால் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஆள் இருக்கிறது என்று தெரிய இருமிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து ஓசூர் ரோட்டில் கார்மெண்ட்ஸ் வேலை. அங்கே தாழ்ப்பாள் இருந்தது, வெளியே சூப்பர்வைசரும் இருந்தான். "மறுபடியுமா?" என்று கடிகாரத்தைப் பார்ப்பான். தூ, அதுவும் ஒரு பிழைப்பு. அவனிடம் அந்தக் கேள்வியை வாங்குவதற்குத் தாகமே மேல் என்று மிஷினில் குனிந்திருப்பாள் மங்களம்.

கார்மெண்ட்ஸிலேயே இப்படிப் பதினைந்து வருஷம் ஓட்டினால் உடம்பு சும்மா விடுமா? ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அல்சூர் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கல்லு இருக்கும்மா. சின்னதுதான். நாள் முழுக்கத் தண்ணி குடிச்சா வெளிய வந்துடும். இப்படியே அடக்கிக்கிட்டு இருந்தா கத்தி வைக்க வேண்டியதுதான்."

கத்தி என்றதும் மங்களம் வழியிலேயே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தால் புருஷன் சுந்தரமூர்த்தி வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டு இருந்தார். மே மாசம் வந்துவிட்டதாம், டூர் போக வேண்டுமாம்.

சுந்தரமூர்த்தி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய மெட்டாடர் வேனை வாங்கி, சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுக்கை அடித்திருந்தார். ஊர் ஊராகப் போகலாம், தங்குவதற்குக் காலணா கொடுக்கக் கூடாது. அதுதான் அவருடைய வேதம். "கண்ண மூடித் தூங்கறதுக்குக் காசா? கேனப்பய குடுப்பான்" என்பார். பெட்ரோல் பங்க், கோயில் பிராகாரத்துச் சுவரோரம், லாரி நிறுத்துகிற இடம் என்று எங்கேயாவது சொருகிவிடுவார். ஒரு வருஷம் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தினார். விடிந்து பார்த்தால் எச்சில் இலைக் குவியலும், அதைக் கிளறுகிற பன்றிகளும் சன்னலுக்கு நேரே நின்றன. "ஊருக்குள்ளயே வேற எவனுக்கு இந்த எடம் ஓசியில கெடைக்கும்?" என்று அங்கேயும் பல் குச்சியோடு நின்று பெருமை பேசினார். தெருவில் அவருக்கு ஓசி மூர்த்தி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிடும். மங்களத்துக்குக் குமட்டும்.

"தாழ்ப்பாள் போட்ட பாத்ரூம் இருக்கற எடத்துல தங்கறதா இருந்தா வரேன். டாக்டரம்மா தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க. இல்லாட்டி ஆள விடுங்க" என்றாள் மங்களம்.

"அதுக்கென்ன, தங்கிட்டாப் போச்சு" என்று தலையாட்டினார். அந்தத் தலை எதற்குத்தான் ஆடவில்லை?

இவள் நம்பித் தொலைத்தாள். பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்த மகள் சிந்துவையும் ஏற்றிக்கொண்டு கனகபுரா ரோட்டில் வண்டி போனது. வழியெல்லாம் டாக்டரம்மா சொன்னபடி குடித்தாள். பாட்டில் காலியானால் சிந்து ரொப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் ஒரு மாந்தோப்பு வாசலில் போர்டு தெரிந்தது: வேன், டெண்டுக்கு இடம், குளியலறை வசதி. பெங்களூர் குக் டவுனை விட்டு வந்து, செத்துப்போன புருஷன் வைத்துவிட்டுப் போன தோப்பைப் பார்த்துக்கொள்கிற நோராம்மா, கவுனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மங்களத்துக்கு அடிவயிறு கல்லாகக் கனத்தது. அப்பாடா என்று செருப்பைத் தேடினாள்.

சுந்தரமூர்த்தி வாடகையைக் கேட்டார். கேட்டதும் ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டார்.

"மரத்தடியில வண்டிய நிறுத்தறதுக்கு வாடகையாம். நல்லா இருக்கு கதை."

"ஏங்க, சொன்னீங்களே."

"இரு மங்களம், இதவிட நல்ல எடமாப் பாக்கறேன்."

கூப்பிடு தூரத்தில் ஒரு கிராமம். முனிராஜ் என்று ஒருவன் டீக்கடை வைத்திருந்தான். அவன் கடைக்குப் பின்னால் வேலி இல்லாத காலி நிலம் கிடந்தது. சுந்தரமூர்த்தி அதைக் காட்டி, வண்டி நிறுத்தலாமா என்று கேட்டார்.

"அல்லி பேடா ஸார். அது பயலு" என்றான் முனிராஜ். அங்கே வேண்டாம் என்றான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவையும் சொன்னான்.

சுந்தரமூர்த்தி சிரித்துக்கொண்டே வண்டிக்கு வந்தார். கன்னடத்துக்கு அவர் சொந்தமாக ஒரு சூத்திரம் வைத்திருந்தார். "நம்ம 'வ' அவங்களுக்கு 'ப'. வண்டின்னா பண்டி, வெல்லம்னா பெல்லா. பயலுன்னா வயலு. பயிரு நசுங்கிடும்னு பயப்படறான். பயிரு எங்க இருக்கு? காஞ்சு கெடக்கு. எறக்கு" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டு வண்டியை உள்ளே இறக்கினார். முனிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ஹெட்லைட்டை எரியவிட்டு, அந்த வெளிச்சத்தில் பம்ப் ஸ்டவ்வை வைத்து ரவை வறுக்க உட்கார்ந்தார் சுந்தரமூர்த்தி. மங்களத்தால் இனி முடியாது. ஏதாவது ஒரு புதரைத் தேடி வேனின் மறுபக்கம் இறங்கினாள். செருப்பு வழுக்கியது. அடுத்த காலை நகர்த்தி வைத்தாள், அதுவும் வழுக்கியது. நாற்றம் அப்போதுதான் மூக்கில் ஏறியது. சிந்து டார்ச் அடித்தாள். ஐயோ, கால் வைக்க இடமில்லை. காய்ந்தது, காயாதது, ஈ மொய்ப்பது, காகிதம் மூடியது என்று கண்ணுக்கு எட்டிய வரைக்கும் அதுவேதான். சிந்து வேனைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள்.

"ஏங்க, இதுவா வயலு?"

"எரு போட்டிருப்பாங்க" என்றார் அவர், ரவையைக் கிளறிக்கொண்டே.

எருவாம். மங்களம் செருப்பைத் தேய்க்க ஒரு கல்லைத் தேடி நிமிர்ந்தாள். அப்போதுதான் அவர்களைப் பார்த்தாள். ஹெட்லைட் வெளிச்சம் போய் முடிகிற இடத்தில் பத்துப் பெண்கள் போல நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தண்ணீர்ச் சொம்பு. சிலர் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்திருந்தார்கள். ஒருத்தி பிள்ளைத்தாச்சி, இடுப்பில் கை ஊன்றி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டு இருந்தாள். யாரும் உட்காரவில்லை. யாரும் திரும்பிப் போகவும் இல்லை. வெளிச்சம் போகட்டும் என்று எழுந்து நின்றுகொண்டு இருந்தார்கள்.

பயலு என்றால் வெளிக்குப் போகிற வெட்டவெளி என்று மங்களத்துக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"லைட்ட அணைங்க."

"உப்புமாவுல தண்ணி ஊத்தற நேரம். ரெண்டு நிமிஷம் இரு."

அவள் இருக்கவில்லை. உள்ளே கையை விட்டு லைட்டை அணைத்தாள். சாவியையும் உருவி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"ஓசி ஓசின்னு எங்கெங்கயோ கொண்டு போய்ப் படுக்க வச்சீங்க. எச்சில் எலைக்குப் பக்கத்துல படுத்தேன், பன்னி மூஞ்சில முழிச்சேன். வாயத் தொறக்கல. இந்தப் பொம்பளைங்களுக்கு இருக்கறது இந்த எடம் ஒண்ணுதான். அதையும் வெளக்கு போட்டுப் புடுங்கிக்கிட்டு உப்புமா கிண்டறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல? உங்களப் பாத்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு."

ஸ்டவ்வின் நீல நெருப்பில் அவர் முகம் திறந்த வாயோடு தெரிந்தது. மங்களம் சிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

நோராம்மா அரிக்கேன் விளக்கோடு கேட்டுக்கு வந்தாள். "வண்டி எங்க?"

"வண்டி வராது. நாங்க ரெண்டு பேர்தான்" என்று ரவிக்கைக்குள் இருந்த பர்ஸை எடுத்தாள் மங்களம். கார்மெண்ட்ஸ் சம்பளம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"பணம் இருக்கட்டும். மூஞ்சியப் பாத்தா தெரியுது, முதல்ல உள்ள போ. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு தாழ்ப்பாள் இருக்கு."

மங்களம் இரண்டையும் போட்டாள். கையால் கதவைப் பிடிக்கவில்லை, இருமவில்லை. வெகு நேரம் கழித்து வெளியே வந்தவள் நோராம்மாவின் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். சிந்து அம்மாவையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

விடிந்ததும் மங்களம் பாய்லர் வெந்நீரில் நிதானமாகக் குளித்துக்கொண்டு இருந்தபோது கதவை யாரோ தட்டினார்கள்.

"மங்களம், நான்தான். சீக்கிரம் வா. வயித்தக் கலக்குது."

"அங்கதான் அவ்வளவு எடம் இருக்கே?"

"ஊர் ஆம்பளைங்க எல்லாம் வண்டியச் சுத்தி உக்காந்திருக்கானுங்கடி. கதவத் தொறந்தா மூஞ்சிக்கு நேரா. நான் எப்படி அங்க..." மேலே சொல்ல முடியாமல் குரல் நெளிந்தது. "தொறயேன்."

"நோராம்மாகிட்ட காசு கட்டிட்டீங்களா?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப வயலுக்கே போங்க. எரு போட்ட வயலு, ஓசிதான்."

வெளியே செருப்புகள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிற சத்தம் கேட்டது. மங்களம் இன்னொரு சொம்பு வெந்நீரை மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டாள். பிறகு, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியட்டுமே என்று, ஒரு தடவை இருமினாள்.