மடுவத்துத் தராசு

எண்பதுகளில் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குக் கிளம்பினேன். ஏஜென்ட் இரண்டு டிக்கெட் சொன்னார். நேரே போகும் பிளேனில் சாப்பாடு தருவார்கள், முப்பது கிலோ கொண்டுபோகலாம். நடுவில் பிளேன் மாறிப் போனால் விலை குறைவு. ஆனால் ராத்திரி காத்திருக்கும் இடத்தில் சாப்பாடு கிடையாது, இருபது கிலோதான்.

"குறைஞ்சதையே போடுங்க" என்றேன். பசி எனக்கென்ன புதுசா?

தோட்டத்தில் பெட்டியை நிறுக்க, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசை விட்டால் வேறு கிடையாது. அம்மா தினமும் கொழுந்துக்கூடை மாட்டும் கொக்கியில் பெட்டியை மாட்டினோம். சரியாக இருபது காட்டியது.

விமான நிலையத்தில் அதே பெட்டி இருபத்துமூன்று. அதிகப்படிக்குக் கேட்ட காசுக்கு நேர் பிளேனிலேயே போயிருக்கலாம். கையில் காசில்லை. அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் கட்டித்தந்த வறுத்த மாவையும் ஊறுகாய்ப் போத்தலையும் தேயிலைத்தூளையும் எடுத்துத் தரையில் வைத்தேன். கையில் தூக்கிக்கொள்கிறேன் என்று கெஞ்சியும் விடவில்லை.

பிளேன் மாறும் ஊரில், பசியோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. என் பெட்டியில் மூன்று கிலோ தின்ற தராசு, அம்மாவின் கூடையில் மட்டும் தின்னாமலா இருந்திருக்கும்? கொழுந்தின் ஈரத்துக்கென்று கணக்கப்பிள்ளை நிறையில் வெட்டுவது அதற்கும் மேலே! யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் தமிழ் தெரிந்த ஒரு முகமில்லை.

விடிந்தது. அந்நேரம் அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறியிருப்பாள்.