மாஸ்டரின் தொடைத் தசை

ஜிம் மாஸ்டருக்குச் சட்டை தைக்கும் தையல்காரர் கையை மட்டும் இரண்டு முறை அளப்பார். முதல் அளவை அவராலேயே நம்ப முடியாது. அந்தக் கைதான் மாஸ்டரின் பிழைப்பு, பெருமை எல்லாம். மனைவியின் தம்பியோ அவருக்கு நேரெதிர். டிக்கெட் முன்பதிவு கவுண்ட்டரில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவன். பேனா கீழே விழுந்தால், யாராவது அந்தப் பக்கம் வரும்வரை காத்திருந்து எடுத்துத் தரச் சொல்வான்.

தசை செல்களை வளர்த்துப் பார்க்க ஆட்கள் தேவை என்று மருத்துவக் கல்லூரி ஆய்வகம் அறிவித்தபோது மாஸ்டர் முதல் ஆளாகப் போய் நின்றார். துணைக்குப் போன மச்சான், அங்கே நல்ல நாற்காலி கிடந்ததால் உட்கார்ந்தான்; உட்கார்ந்தவனிடம் படிவத்தை நீட்டினார்கள்; எழுந்து போகச் சோம்பல்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டான். இருவர் தொடையிலிருந்தும் அரிசியளவு தசை எடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, வந்து பார்க்கலாம் என்று தகவல் வந்தது. மாஸ்டர் இறுக்கமான அரைக்கைச் சட்டையில் போனார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். அவருடைய எண் ஒட்டிய தட்டில் நாலைந்து உருண்டைகள் எதிலும் ஒட்டாமல் மிதந்துகொண்டிருந்தன. மச்சானின் தட்டில் செல்கள் நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து நாராகி, அவ்வப்போது துடிக்கவும் செய்தன.

"மாமா, என்னோடது ஆடுது. உங்களோடது தூங்குதா?" என்றான் மச்சான்.

ஆய்வக உதவியாளர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் அதற்குள் படி இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் தினம் பன்னிரண்டு முட்டை வெந்தது. ஜிம்மில் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக எடை தூக்கினார். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, "சும்மாதான்," என்றார். பத்து நாள் கழித்துத் தனியாக ஆய்வகத்துக்குப் போனார்.

"மேடம், இப்ப கொஞ்சம் தேறியிருக்கணுமே. முட்டை சாப்பிடறேன்."

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சார், அது உங்க உடம்பை விட்டு வந்து மாசமாச்சு. நீங்க சாப்பிடற முட்டை அதுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"செல் தனியா ஒண்ணும் பண்ணாது சார். உடம்புக்குள்ள ஒவ்வொரு தசை செல்லையும் சுத்திப் புரதம் வலை மாதிரி இருக்கு. லாமினின், கொலாஜன்னு பல வகை. நகரணுமா, பெருகணுமா, பக்கத்துல இருக்கறதோட சேர்ந்து நாராகணுமா, இதுல எல்லாம் அந்த வலைக்குப் பெரிய பங்கு. அதைப் பாக்கத்தான் ஒவ்வொருத்தர் செல்லையும் ரெண்டு தட்டுல போட்டோம். ஒண்ணுல லாமினின் பூசினோம், இன்னொண்ணு வெறும் தட்டு. அன்னிக்கு உங்களோடதுல நீங்க பாத்தது வெறும் தட்டு, மச்சானோடதுல பூசின தட்டு. சொல்றதுக்குள்ள ஓடிட்டீங்க."

"அப்ப என் செல் நல்ல செல்தானா?"

"தங்கமான செல்."

லாமினின் பூசிய தட்டுகளில் மாஸ்டருடையதையும் மச்சானுடையதையும் அடுத்தடுத்துக் காட்டினார். இரண்டிலும் நார்கள், இரண்டிலும் துடிப்பு. மாஸ்டர் நிமிர்ந்து, இடப்பக்கத் தட்டைக் காட்டினார். "எது என்னோடதுன்னு பாத்தாலே தெரியுதே. என்ன ஒரு திடம்."

உதவியாளர் அம்மா தட்டைத் திருப்பி எண்ணைக் காட்டினார். அது மச்சானுடையது.

மாஸ்டர் மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மச்சானோட வெறும் தட்டு இருக்குமே?" என்று கேட்டார். அதில் உருண்டைகள் அநாதைகளாக மிதந்தன. செல்போனை லென்ஸில் ஒட்டிவைத்து, மூன்றாம் முயற்சியில் படம் எடுத்தார்.

சாயங்காலம் மச்சானிடம் நீட்டினார். "யாரோடதுன்னு சொல்லு பாப்போம்."

"யாரோடது மாமா?"

"உன்னோடது. வளரவே இல்ல."

மச்சான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "எவ்வளவு நிம்மதியா மிதக்குது. எனக்கு அனுப்புங்க மாமா." அன்றே அதைத் தன் செல்போனின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டான்.

மனைவியிடம் மட்டும் மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார், தட்டு மாறிக் கைகாட்டியதையும் சேர்த்து. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தம்பியிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டார். அவளும் சொல்லவில்லை, மறுநாள் காலை பத்து மணிவரை.