மொட்டைமாடிக்குக் களை வெட்டியவர்

நைனார்பாளையம் கொளஞ்சியப்பனுக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் விடை அவர் பயிர் வைக்கும் கொல்லையில்தான் கிடக்கும். பைக் சீட்டு கிழிந்தால் யூரியா சாக்கு. துணிக்கொடி அறுந்தால் சொட்டுநீர்க் குழாய். மனைவி பெரியநாயகியின் கண்ணாடிக் காது உடைந்தபோது மூட்டை தைக்கும் சணலைச் சுற்றிக் கொடுத்தார். அந்த அம்மாள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கே போய் வந்தாள். இப்படிப்பட்ட மனுஷனிடம் கோடை வெயில் வந்து மாட்டியது.

இந்த வருஷம் அதை அடக்கியே தீர வேண்டியிருந்தது. மகள் தேவிப்ரியாவுக்குத் தலைப்பிரசவம், தேதி சித்திரைக் கடைசி. ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து வைப்பதே, சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதான். இவர்களும் அழைத்துத்தான் வந்தார்கள். ஆனால் மாப்பிள்ளை சிவசங்கர், போன் சார்ஜரை மறந்துவிட்டேன் என்று அந்த மாதத்தில் மூன்று முறை ஆத்தூரிலிருந்து வந்தார். மூன்று முறையும் தங்கினார். மூன்று முறையும் சார்ஜரை விட்டுவிட்டுப் போனார்.

வளைகாப்பு முடிந்து பெண்ணைக் கூட்டிப்போகக் காரோடு நின்றவர்களிடம் மாப்பிள்ளையின் அம்மா ராஜாம்பாள் குண்டைப் போட்டாள்.

"உங்க வீடு தளம் போட்ட வீடு. சித்திரையில உள்ள நின்னா வெந்துருவோம். இங்க ஏ.சி. இருக்கு, பொண்ணு இங்கயே இருக்கட்டும். வீட்டக் குளுமையாக்குங்க, நானே வந்து பாத்துட்டு அனுப்பறேன்."

வெறும் காரோடு திரும்பினார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் வரவில்லை என்றால் ஊரில் தலைகாட்ட முடியாது என்பது ஒரு பக்கம். அவள் வராத வீட்டுக்குள் இருக்கவே கொளஞ்சியப்பனுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

இங்கே ஏ.சி. மாட்டலாமென்றால், கொல்லை மோட்டார்கள் ஓடும் நேரத்தில் இந்த ஊர் ஃபேனே யோசித்து யோசித்துத்தான் சுற்றும். வெள்ளிமலையில் ரூம் எடுத்துத் தங்கவைக்கலாமே என்றார் ஒருவர். வலி வந்தால் அத்தனை வளைவிலும் ஜீப்பில் யார் இறக்குவது என்று கேட்டு பெரியநாயகி அவர் வாயை அடைத்தாள்.

ஆகவே கொல்லை மாடிக்கு ஏறியது. மக்காச்சோளத் தட்டையை மாடி முழுக்க ஒரு ஜாண் கனத்துக்குப் பரப்பினார். காற்றில் பறக்காமலிருக்க மேலே எருமண்ணைத் தூவினார். அதன்மேல் பழைய சொட்டுநீர்க் குழாயை வரிசையாக ஓட்டி, தண்ணீர்த் தொட்டியில் மாட்டி, வால்வைத் திறந்துவிட்டார். நாலே நாளில் வீடு குளிர்ந்தது. பக்கத்து வீட்டு அம்சவள்ளி மத்தியானத்தில் பூண்டு உரிக்க வந்து, உரிக்காமலே தூங்கினாள். கொளஞ்சியப்பன் சம்பந்திக்குப் போன் போட்டு, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார்.

கோளாறு தட்டைக்குள் இருந்தது. அதில் ஒடிக்காமல் விட்ட குட்டிக் கதிர்கள் ஈரம் பட்டு முளைத்தன. எருவோடு வந்த கோரைக் களையும் முளைத்தது. பயிர் என்று ஒன்று தலைகாட்டிவிட்டால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்து போகும். காலையில் காபியோடு மேலே போனால் டம்ளர் மாடியிலேயே தங்கிவிடும். வீட்டில் டம்ளரே இல்லாமல் போனது. பங்குனியில் சோளம் முழங்கால் உயரம் வந்ததும், ஒரு சனிக்கிழமை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாடிக்குக் களை வெட்டினார்.

களை வெட்டியதும் தண்ணீரை நிறுத்த வேண்டும். அஞ்சு நாள் காயவிட்டால்தான் வெட்டிய கோரை சாகும். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய் வால்வை மூடிவிட்டது. கீழே குடும்பம் இருக்கும் நினைப்பு அந்தக் கைக்கு இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ராஜாம்பாள் வந்து இறங்கினாள். பெரியநாயகி கொடுத்த மோரைக் குடித்தாள். குடித்தது அப்படியே வியர்வையாக வெளியே வந்தது.

"இதான் குளுந்த வீடா?"

"முன்ன நல்லாதான் இருந்துச்சி சம்பந்தி. ரெண்டு நாளா இப்பிடி வேவுது," என்ற பெரியநாயகி புருஷனிடம் திரும்பினாள். "இன்னாங்க, மேல தண்ணி ஓடிக்கினுதான இருக்குது?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "சனிக்கெழம களை வெட்டிக்கிறேன். காயப்போட்டுக்கிறேன்," என்றார் மெதுவாக.

"வூட்டுக்காங்க களை வெட்டுனீங்க?"

ராஜாம்பாள் பையை எடுத்தாள். "நான் கெளம்பறேன். பொண்ணு அங்கயே இருக்கட்டும்."

கொளஞ்சியப்பன் கொதிக்கிற படியில் வெறுங்காலோடு மாடிக்கு ஓடினார். இது என்ன கூத்து என்று ராஜாம்பாளும் பின்னாலேயே ஏறினாள். அவளும் ஆத்தூரில் நாலு ஏக்கர் மஞ்சளைத் தன் கையால் பார்க்கிறவள். பயிரையும், சுத்தமாக வெட்டிப்போட்ட களையையும் குனிந்து பார்த்தாள். அவர் வால்வில் கை வைத்ததும் பதறிப்போனாள்.

"மூணு நாள்தான ஆவுது? இப்பத் தண்ணி உட்டா கோரை அத்தனையும் திரும்ப வேர் புடிச்சுக்குமே."

"புடிச்சிக்கினு போவட்டும்," என்று வால்வைக் கடைசி வரை திருகித் திறந்தார். உச்சி வெயிலில் வெட்டிய கோரைமேல் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராஜாம்பாள் இறங்கி வந்து, பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டாள்.

"சிவசங்கரு, புதன்கெழம பிரியாவக் கொண்டாந்து உடு. சார்ஜரையும் மறக்காம எடுத்துக்கிட்டு வா. வீடு இன்னும் குளுரல, குளுந்துரும். இந்த மனுஷன் பொண்ணுக்காகக் கோரைக்கே தண்ணி உட்டுட்டாரு."